பாதை வரியில் முதல் இடம்

உங்கள் பிரின்டரில் இடது ஓரம் மங்கலாக விழுகிறது மேடம். முந்தாநாள் கையெழுத்துப் போடச் சொல்லி எனக்கு அனுப்பிய விசாரணை அறிக்கையிலேயே கவனித்தேன். டோனரை வெளியே எடுத்து, பக்கவாட்டில் நாலு தடவை ஆட்டிவிட்டுத் திரும்பப் போட்டால் இன்னும் இருநூறு பக்கம் தாராளமாக ஓடும். புதிது வாங்கச் சொல்லி யாராவது நச்சரிப்பார்கள். காது கொடுக்காதீர்கள்.

நான் ஆற அமரச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் கையைத் தூக்கினால் நிறுத்துகிறேன். கூட்டத்தில் பேச எனக்கு வராது. எதிரில் ஒரே ஒரு ஆள் என்றால் பேசுவேன். கூட்டத்தில் பேசுவதற்கென்றே எங்கள் வீட்டில் என் தங்கச்சி பிறந்திருக்கிறாள். அவளைத்தான் இருபத்திரண்டு நாளாக வேலையை விட்டு நிறுத்திவைத்திருக்கிறீர்கள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் வேலை.

பதினெட்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டாவது மாடியில் குறைமாதக் குழந்தைகள் வார்டு இருக்கிறது, நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். பத்துக் கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருவி, குழந்தையின் மூச்சையும் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜனையும் எண்ணாகக் காட்டும். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தூங்கும்போது மூச்சுவிட மறந்துவிடும். பெரும்பாலும் அதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் வேண்டாம். உள்ளங்காலில் விரலால் லேசாகச் சுண்டினால் போதும், சிணுங்கிக்கொண்டே மறுபடி மூச்சு விட ஆரம்பித்துவிடும். ஆனால் மறந்துவிட்டது என்பது யாராவது ஒருத்தருக்குத் தெரிய வேண்டும்.

முன்பெல்லாம் பத்துக் கருவியும் தனித்தனியாகக் கத்தும். குழந்தை காலை ஆட்டினாலும் கத்தும், ஒயர் நழுவினாலும் கத்தும். நர்ஸ்களுக்கு மண்டை காய்ந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்துவைத்துவிடுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘காவல்’ என்ற நிரலை எழுதினேன். நர்ஸ் மேஜையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். பத்துக் கருவி சொல்வதையும் அது ஒன்றாகக் கேட்கும், பொய்யைத் தள்ளும், நிஜம் என்றால் மட்டும் ஒரே ஒரு மணியை அடிக்கும். அந்த மணிக்கு எல்லோரும் ஓடி வருவார்கள். கருவிகளின் சொந்தச் சத்தத்தை அதற்குப் பிறகு ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷத்தில் ‘காவல்’ ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு தடவைகூட.

அதை எழுத எனக்கு எட்டு மாதம் ஆனது. நான் எழுதுகிற எந்த நிரலிலும் முதல் வரியில் என் பெயரும் தேதியும் இருக்கும். கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், அது மனிதர்கள் படிப்பதற்கு. பதினோரு வருஷத்தில் ஒரு மனிதரும் படிக்கவில்லை. சம்பளம் வந்தது, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது சின்னவள். என் பழைய கம்ப்யூட்டரில் விளையாடித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். எங்கள் துறையில் ஒரு இடம் காலியானபோது நான்தான் மேலிடத்தில் சொல்லி அவளை உள்ளே கொண்டுவந்தேன். நல்ல வேலைக்காரிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வேலையில் பாதி வாய். முதல் வாரத்திலேயே கணக்குப் பிரிவுக்காரருக்குப் பேரன் பிறந்த கதை வரைக்கும் தெரிந்துவைத்திருந்தாள். பதினெட்டு வருஷம் அதே மாடிப்படியில் ஏறி இறங்கிய எனக்கு அவருக்கு மகன் இருப்பதே தெரியாது.

போன வருஷம் ‘காவல்’ நிரலை மற்ற வார்டுகளுக்கும் கொண்டுபோகலாம் என்று பேச்சு வந்தது. நிர்வாகக் குழுவின் முன்னால் யாராவது நின்று விளக்க வேண்டும். அந்தப் பயத்தில் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கூட்டம் நடந்த அன்று காலையில் கூடத்து வாசலில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“நீ எதுவும் பேசாதக்கா. நான் பாத்துக்கறேன்.”

அந்தக் கணத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நன்றியோடுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பிரமாதமாகப் பேசினாள். சிரிக்க வைத்தாள், ஒரு இடத்தில் ஒரு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில் தலைவர், இதை எழுதினது யாரும்மா என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவள், நான்தான் சார், என்றாள்.

நான் தலையைக் குனிந்தது உண்மை. ஆனால் குனிந்த தலையை வைத்து ஒருத்தியின் எட்டு மாதத்தையும் பதினோரு வருஷத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமா? அடிமடியில் கை வைத்துவிட்டாள் மேடம். வேறு யாராவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கூடப் பிறந்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

வெளியே வந்ததும் அவளே ஓடிவந்தாள். நீ தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டே, எல்லாரும் என்னையே பாக்கறாங்க, வாய்ல வந்துருச்சுக்கா, மெதுவாச் சொல்லித் திருத்திக்கலாம் என்றாள். திருத்தவே இல்லை. அதற்குள் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் துறைத் தலைவி ஆனாள். கண்ணாடிக் கதவு போட்ட அறை, வாசலில் பெயர்ப்பலகை. எனக்கு ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஒரு மேஜையும், ஆஸ்பத்திரியில் இருக்கிற அறுபத்து நாலு பிரின்டரும். அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. உனக்கு டென்ஷனே வேண்டாம்னுதான்க்கா, நிம்மதியா இரு, என்றாள். வீட்டில் அம்மாவும் அதையே சொன்னாள். சின்னவ உன்னை எப்படிப் பாத்துக்கறா பாரு, என்று.

பிறகு அவள் ‘காவல்’ நிரலைப் புதுப்பித்து, எல்லா வார்டிலும் சுலபமாகப் போடுகிற மாதிரி பேக்கேஜாகக் கட்டினாள். நான் அதைத் திறந்து பார்த்தேன். முக்கால்வாசி என் வரிகள்தான், நான் விட்ட இடைவெளி உட்பட அப்படியே இருந்தன. முதல் வரி மட்டும் மாறியிருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர். போய்க் கேட்டேன். பேக்கேஜில் ஒரு பெயர்தான் போட முடியும், உன் பேரைப் போட்டா நேரங்காலம் இல்லாம உன்னைத்தானே கூப்பிடுவாங்க என்றாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

நான் சரி என்றேன். சண்டை போடவில்லை. பிரின்டருக்கு டோனர் மாற்றப் போய்விட்டேன்.

என் பெயரை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் பெட்டிக் குழந்தையின் தாய். துணிக்கடை ஒன்றில் பட்டன் தைக்கிறவள். வார்டு வாசல் பெஞ்சில் காத்திருக்கும் நேரத்தில் நர்ஸ்களின் கோட்டில் அறுந்த பட்டன்களை வாங்கித் தைத்துக் கொடுப்பாள், அதனால் அவளுக்குப் பட்டன் அம்மா என்றே பெயர். குழந்தை பிறந்தபோது ஆயிரத்து இருநூறு கிராம். ஒருநாள் வார்டு பிரின்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். என்னை நிறுத்தி, அந்த மணி அடிச்சாக் கண்டிப்பா வந்துருவாங்களா மேடம் என்று கேட்டாள். உடனே வருவாங்க, அதை எழுதினதே நான்தான், என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டோனர் தூள் பட்ட கை. அவள் கன்னத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது, துடைக்கச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இதில் கொஞ்சம் எங்கள் தொழில் வரும்.

கம்ப்யூட்டரிடம் ஒரு நிரலின் பெயரைச் சொல்லி ஓட்டச் சொன்னால் அது வீடு முழுக்கத் தேடாது. எந்தெந்த இடத்தில் தேட வேண்டும், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிவைத்திருக்கும். அதைப் பாத் என்போம், நான் பாதை வரி என்று சொல்கிறேன். கத்தரிக்கோல் எடுத்து வா என்றால், சொன்ன வரிசையில் அலமாரி அலமாரியாகத் திறந்து, முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வருகிற ஆள் மாதிரி. அது வெட்டுமா என்று பார்க்காது. வரியில் இல்லாத அலமாரியைத் திறக்கவும் திறக்காது. பொருள் அங்கேயே இருந்தாலும் இல்லை என்று சாதிக்கும்.

புதிய ‘காவல்’ வார்டு கம்ப்யூட்டரில் ஏற வேண்டிய நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால், பிரின்டர் சரியில்லை என்று சொல்லி அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு நான் வைத்ததுதான், அவள் மாற்றவே இல்லை. அந்தக் கணக்கின் பாதை வரியில், பேக்கேஜ் போடுவதற்குத் தேவையான சில நிரல்கள் இருக்கிற இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். எதையும் உடைக்கவில்லை, அழிக்கவில்லை. எல்லாம் அதது இடத்தில்தான் இருந்தது. தேடுகிற பட்டியலில் மட்டும் இல்லை.

என் எண்ணம் என்னவென்றால், இன்ஸ்டால் பண்ணும்போது பிழை வரும். வேண்டிய நிரல்கள் பாதையில் இல்லை என்று சிவப்பில் சொல்லும். பக்கத்தில் தலைமை நர்ஸ் நிற்பார். துறைத் தலைவி திருதிருவென்று முழிப்பாள். பிறகு போனை எடுத்து, அக்கா கொஞ்சம் வாயேன், என்பாள். நான் போய், எல்லோர் முன்னாலும், ஒரே வரியில் சரி செய்வேன். என்னைக் கூப்பிட வேண்டும், அது போதும் என்றுதான் இருந்தேன். இதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் இது தப்பான ஆசை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று வார்டு கொடுத்தது இருபது நிமிஷம். மதியம் இரண்டு மணியிலிருந்து இரண்டு இருபது வரை. அந்த நேரம் மட்டும் இரண்டு நர்ஸ்கள் கூடுதலாக நின்று பத்துப் பெட்டியையும் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள். பழைய ‘காவல்’ பேக்கேஜாக வந்ததில்லை, நான் கையால் போட்டது. அதனால் முதலில் அதை நிறுத்தி, நீக்கிவிட்டு, பிறகு புதியதைப் போட வேண்டும். கடைசியாக ஒரு குழந்தையின் ஒயரை ஒரு நொடி கழற்றி, மணி நிஜமாக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அவள் எழுதிய வழிமுறை. நல்ல வழிமுறைதான், நானே படித்திருந்தேன்.

பழையதை நிறுத்தினாள், நீக்கினாள். புதியதைப் போட்டாள். பிழை வந்தது. மறுபடி போட்டாள், மறுபடி வந்தது. நான் என் மேஜையில் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தத்தை முழுசாக ஏற்றிவைத்திருந்தேன். இரண்டு ஐந்து, இரண்டு பத்து. அது அடிக்கவே இல்லை.

இணையத்தில் தேடியிருக்கிறாள். இந்தப் பிழைக்கு அங்கே எல்லோரும் கொடுப்பது ஒரே மருந்து. விட்டுப்போன இடங்களைப் பாதை வரியின் கடைசியில் சேர்த்துக்கொள் என்பார்கள். கடைசியில். முதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிற ஆள் கிடையாது. அவளும் கடைசியில் சேர்த்தாள். இரண்டு பதினேழுக்கு பேக்கேஜ் ஏறிவிட்டது.

முதல் இடத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு இடங்களை எடுத்தேன் என்றேன் இல்லையா? ஒரு இடத்தைச் சேர்க்கவும் செய்தேன். வரியின் தொடக்கத்தில், என்னுடைய சிறிய ஃபோல்டர் ஒன்று. அதற்குள் ஒரே ஒரு கோப்பு.

எந்த நிரலையும் தொடங்கி வை, நிறுத்து, ஓடுகிறதா சொல் என்று கேட்பதற்கு லினக்ஸில் ஒரு கமாண்ட் உண்டு. என் கோப்புக்கும் அதே பெயர் வைத்தேன். முதல் இடத்தில் இருப்பதால் அதைத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும். நிறுத்தச் சொன்னால் அது உண்மையான கமாண்டைக் கூப்பிட்டு உண்மையாகவே நிறுத்திவிடும். அந்த விஷயத்தில் அது நேர்மையானது. தொடங்கச் சொன்னால் எதையும் தொடங்காது, தொடங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லும். ஓடுகிறதா என்று கேட்டால், பச்சை எழுத்தில், ஓடுகிறது என்று சொல்லும்.

ஆகவே பழைய மணி நின்றுவிட்டது, புதிய மணி தொடங்கவில்லை, திரையில் எல்லாம் பச்சை.

நீங்கள் கையைத் தூக்குகிறீர்கள். கேட்கப்போவது தெரியும். ஒயரைக் கழற்றி மணியைச் சோதித்திருந்தால் அகப்பட்டிருக்குமே என்பதுதானே? அகப்பட்டிருக்கும். சோதனைக்கு ஆறு நிமிஷம் வேண்டும். பிழை அதற்காகத்தான். பிழை வராமல் இருந்திருந்தால் இரண்டு ஐந்துக்கெல்லாம் வேலை முடிந்து, ஆற அமரச் சோதித்துப் பார்த்திருப்பாள். பிழை அவள் நேரத்தைத் தின்ன வேண்டும். தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த அம்மாள் கண்டிப்பானவர், ஒரு நிமிஷம் கூடக் கொடுக்க மாட்டார், பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியும். அவர் போதும் கிளம்பு என்றதும் தங்கச்சி, நாலு மணிக்கு வந்து மணியை அடிச்சுப் பாக்கறேன் சிஸ்டர், என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கூடுதல் நர்ஸ்களும் போய்விட்டார்கள்.

அந்த இடைவெளியில் என்னைக் கூப்பிட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். நான் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன். ஒரு போன், அவ்வளவுதான் கேட்டேன்.

மூன்று மணிக்கு நான் வார்டுக்குப் போனேன். டோனர் மாற்ற வேண்டும் என்று காலையிலேயே எழுதிக்கொடுத்திருந்தார்கள், வேண்டுமானால் பதிவேட்டில் பாருங்கள். வாசல் பெஞ்சில் பட்டன் அம்மா வெள்ளைக் கோட்டு ஒன்றை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஊசியை வாயில் கடித்துக்கொண்டே சிரித்தாள். உள்ளே ஒரே ஒரு நர்ஸ், இரண்டாம் பெட்டியில் குழந்தைக்குக் குழாயில் பால் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முதுகு. மற்றவர் மருந்து எடுக்கப் போயிருந்தார். பிரின்டர் இருப்பது ஆறாம் பெட்டிக்கு நேர் எதிரில்.

ஆறாம் எண்ணை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிரின்டர் மூடியைத் திறந்தபோது அதன் கருவியில் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. பழைய டோனரை எடுத்தபோது எண்பத்து நாலு. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் என் மணி அடித்திருக்கும். நானே எழுதிய எண் அது. அந்த இடத்தில் மணி அடிக்காமல் இருந்ததைக் கேட்பது விசித்திரமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. புதிய டோனரின் காகிதத்தைக் கிழித்தபோது எழுபத்திரண்டு. குழந்தை நன்றாகத் தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

உள்ளங்காலைச் சுண்டியிருக்கலாமே என்பீர்கள். அந்தக் குழந்தைகளைத் தொடுவதற்கு முன்னால் முழங்கை வரை கை கழுவ வேண்டும் மேடம். என் கை முழுக்க டோனர் தூள். வார்டு விதி எழுதியே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது என் பையில் போன் அதிர்ந்தது. வார்டுக்குள் வருவதால் சத்தத்தைக் குறைத்துவைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன், தங்கச்சி.

ஆமாம், கூப்பிட்டாள். ஒரு தடவை. மூன்று பத்துக்கு. நான் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாம் முடித்துக்கொண்டு, பச்சையைப் பார்த்துவிட்டு, பெருமையடிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. இன்னொரு தடவை அடித்தால் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடிக்கவில்லை. பிரின்டரை மூடி, ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். தெளிவாக வந்தது. அப்போது கருவியில் எண் நாற்பதுகளில் இருந்தது.

வெளியே வந்தேன். பட்டன் அம்மா நிமிர்ந்து பார்த்து, பாப்பா தூங்கறாளா மேடம், என்றாள்.

“தூங்கறா,” என்றேன்.

மற்ற நர்ஸ் திரும்பி வந்து பார்த்தது மூன்று இருபத்தொன்றுக்கு. அதெல்லாம் உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. அந்தத் தாய் போட்ட சத்தம் கீழே ஸ்டோர் ரூம் வரை கேட்டது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் தங்கச்சி அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து, பாதை வரியின் முதல் இடத்தைப் பார்த்திருக்கிறாள். கோப்பைத் திறந்திருக்கிறாள். முதல் வரியில் என் பெயரும் தேதியும். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். பெயர் போடாமல் எனக்கு எழுத வராது. போடாமல் விட்டால் வேறு யாருடையதாவது ஆகிவிடுகிறது, எனக்குப் பட்ட பாடு போதும்.

நேராக வீட்டுக்கு வந்தாள். அம்மா முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி என் அறைக்கு வந்து, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று பத்துக்கு எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா என்று கேட்டாள். நாலு மணிக்கு வாக்கா, முதல் மணியை நீயே அடிச்சுப் பாரு, எல்லாருக்கும் இது யார் எழுதினதுன்னு அப்ப சொல்லிடறேன், என்று சொல்லத்தான் கூப்பிட்டாளாம். நடந்து முடிந்த பிறகு இப்படி ஆயிரம் சொல்லலாம். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ எதுவும் பேசாதக்கா. நான் பாத்துக்கறேன்.”

அதே வார்த்தை மேடம். ஒரு எழுத்து மாறவில்லை.

மறுநாள் உங்கள் முன்னால் வந்து, சோதனைக்காக அந்தக் கோப்பை நான்தான் எழுதி வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன், என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் முதல் வரியை அழித்துவிட்டாள். இரண்டாவது தடவை. அம்மா சோறு இறங்காமல் கிடக்கிறாள், சின்னவளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள் என்று நீங்களும் சொல்லப்போகிறீர்கள். அவளுக்கு ஜெயில், எனக்கு நிம்மதி, எவ்வளவு பாசம் என்று. இருபத்திரண்டு நாள் நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். பேசாமல் இருந்தேன், பிரின்டர்களைப் பார்த்தேன், நன்றாகத் தூங்கவும் செய்தேன். அப்படியே இருந்திருப்பேன்.

முந்தாநாள் அறிக்கை வந்தது. ஒன்பதாம் பக்கம். உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார்: ‘பத்து வரிகள் கொண்ட இந்தக் கோப்பு அசாத்தியமான திறமையோடு எழுதப்பட்டுள்ளது. எழுதியவர், துறைத் தலைவி.’ அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அசாத்தியமான திறமை. பதினெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் எழுத்தில் வைத்த முதல் வார்த்தை, அதன் பக்கத்திலும் அவள் பெயர்.

அதனால்தான் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். பத்து வரி இல்லை, பதினொன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிற, தொடங்கச் சொன்னால் நடிக்கிற ஒன்றை அவ்வளவு சுருக்கமாக எழுத அவளுக்கு வராது. வேண்டுமானால் இங்கேயே ஒரு காகிதம் கொடுங்கள், இப்போதே எழுதிக் காட்டுகிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இதில் ஒரு பிரதி பட்டன் அம்மாவுக்கும் போகட்டும். மணியை எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியும். இதையும் நான்தான் எழுதினேன் என்று அவளாவது நம்புவாள்.